சமாந்தரக் கோடுகளும் பின்னேர வெயிலும்

இந்த இதழின் கணிதப் பக்கத்தில் சமாந்தரக் கோடுகளால் உண்டாகும் கோணங்களைப் பார்க்கப் போகிறோம். இதோடு இன்னொரு விசயமும் இருக்கிறது. கோடைகாலம் வந்தால் எங்கள் நிலையத்துக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி: "மத்தியானம் ஒருமாதிரி இருக்கலாம். பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகுதான் அறை போறணை மாதிரிக் கொதிக்குது. ஏன்?" இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கும் அதே பாடம்தான் வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளின் படிப்பு. புதிதாக வந்த பெற்றோர் பலர், "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, பிள்ளையின்ரை வீட்டுப்பாடத்துக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்று ஒதுங்கி விடுகிறார்கள். கணிதத்தில் அப்படி ஒதுங்கத் தேவையில்லை. ஓ-எல் வரைக்கும் படித்தவர்களுக்கு இந்தப் பாடம் தெரியும். மறந்திருந்தாலும் கால் மணித்தியாலத்தில் திரும்ப வரும். பெயர்கள்தான் வேறு.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜீ.சி.எஸ்.ஈ. கணிதப் பரீட்சைக்கு இரண்டு தரங்கள் உண்டு. ஒன்று பவுண்டேசன், மற்றது ஹையர். பவுண்டேசன் தாள் எழுதும் பிள்ளை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 5க்கு மேல் எடுக்க முடியாது. ஹையர் தாளில்தான் 9 வரை போகலாம். ஆண்டு நடுவில் வந்து சேரும் பிள்ளை ஆங்கிலச் சொல் விளங்காமல் முதற் சோதனையில் குறைந்த புள்ளி எடுத்தால் கீழ் வகுப்பில் போடப்படலாம். அங்கே பெரும்பாலும் பவுண்டேசன் பாடத்தைத்தான் படிப்பிப்பார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை சொல் தெரியாத காரணத்தால் அங்கேயே தங்கி விடக்கூடாது. பாடசாலையில் கேட்டு வகுப்பை மாற்றுவிக்கலாம். ஆனால் கேட்கும்போது பிள்ளையின் கொப்பியில் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இனிப் பாடம். படம் அச்சிட இடம் போதாது, ஆகவே ஒரு கொப்பியும் அடிமட்டமும் எடுத்து நீங்களே கீறுங்கோ. பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கீறினால் இன்னும் நல்லது.

கொப்பியின் கோடுகளில் இரண்டைத் தெரிவு செய்து பேனையால் தடிப்பாக்குங்கோ. எவ்வளவு நீட்டினாலும் இவை சந்திக்க மாட்டா. இவைதான் சமாந்தரக் கோடுகள். தமிழ்நாட்டில் படித்தவர்கள் இணைகோடுகள் என்பார்கள். இங்கே 'பரலல் லைன்ஸ்'. இப்போது இரண்டையும் வெட்டிச் செல்லும்படி ஒரு சரிவான கோடு கீறுங்கோ. அதுதான் குறுக்கோடி. அது மேற்கோட்டை ஓரிடத்திலும் கீழ்க்கோட்டை ஓரிடத்திலும் வெட்டும். வெட்டும் இடம் ஒவ்வொன்றிலும் நான்கு கோணங்கள், மொத்தம் எட்டு.

எட்டு என்று பயப்படாதையுங்கோ. பாகைமானி வைத்து ஒரு கோணத்தை அளந்தால் போதும். அது 65 பாகை என்று வைப்போம். அதற்குப் பக்கத்துக் கோணம் நேர்கோட்டில் இருப்பதால் 180இலிருந்து 65 போக 115. எட்டுக் கோணங்களும் ஒன்றில் 65 ஆக இருக்கும், அல்லது 115 ஆக இருக்கும். மூன்றாவது அளவே கிடையாது. (குறுக்கோடி செங்குத்தாக விழுந்தால் எட்டும் 90.) எது எதற்குச் சமன் என்று காரணத்தோடு சொல்வதுதான் பாடம்.

வெட்டும் புள்ளி ஒன்றில் எதிரெதிராக இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள். இவை சமன். இங்கே 'வேர்ட்டிக்கலி ஒப்பசிட்' என்பார்கள். இதற்குச் சமாந்தரக் கோடு தேவையில்லை, எந்த இரண்டு நேர்கோடு வெட்டினாலும் வரும்.

மேல் வெட்டில் வலது பக்க மேல்மூலைக் கோணத்தையும், கீழ் வெட்டில் அதே வலது பக்க மேல்மூலைக் கோணத்தையும் பாருங்கோ. இரண்டும் ஒரே நிலையில் இருப்பவை. இவை ஒத்த கோணங்கள், சமனானவை. ஆங்கிலத்தில் 'கொரஸ்பொண்டிங் ஆங்கிள்ஸ்'.

இரண்டு கோடுகளுக்கும் உள்ளே, குறுக்கோடியின் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் ஒன்றுமாக இருப்பவை ஒன்றுவிட்ட கோணங்கள். இவையும் சமன். 'ஓல்டர்னேட் ஆங்கிள்ஸ்'.

உள்ளே, குறுக்கோடியின் ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டும் நேயக் கோணங்கள். இவை சமன் அல்ல, கூட்டினால் 180. பிள்ளைகள் அதிகம் பிழை விடுவது இங்கேதான். இங்கே 'கோ-இன்டீரியர்' என்று படிப்பிப்பார்கள். சில ஆசிரியர்கள் 'அலைட்' என்றும் சொல்வார்கள். நேயம் என்ற எங்கள் சொல்லுக்கு அதுதான் நெருக்கமான சொல்.

பாடசாலையில் ஞாபகத்துக்காக இவற்றை எஃப் கோணம், இசெட் கோணம், சீ கோணம் என்று எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். நினைவில் வைக்க நல்லதுதான். ஆனால் பரீட்சைத் தாளில் 'காரணம் தருக' என்று கேட்டால் 'இசெட் ஆங்கிள்' என்று எழுதினால் அதற்குரிய புள்ளி கிடைக்காது. 'ஓல்டர்னேட் ஆங்கிள்ஸ் ஆர் ஈக்குவல்' என்று முழுதாக எழுத வேண்டும். விடை சரி, காரணம் இல்லை என்றாலும் புள்ளி போய்விடும். ஆகவே இந்த நான்கு ஆங்கிலப் பெயர்களையும் எழுத்துக்கூட்டி எழுதப் பிள்ளையைப் பழக்குங்கோ. ஒரு சின்னத் தாளில் ஒரு பக்கம் தமிழ்ப் பெயர், மறுபக்கம் ஆங்கிலப் பெயர் எழுதிக் குளிரூட்டிக் கதவில் ஒட்டி விட்டால் ஒரு கிழமையில் பாடமாகிவிடும். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சுவரில் இதைப் பார்ப்போம். மேசன்மார் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். இடது சுவரும் வலது சுவரும் நிலத்தோடு 90 பாகையில் நின்றால், நிலம் குறுக்கோடி, 90உம் 90உம் சேர்ந்து 180. நேயக் கோணங்கள் 180 என்றால் சுவர்கள் சமாந்தரம். இந்த நாட்டின் பழைய வீடுகள் சிலவற்றில் சுவர் இலேசாகச் சரிந்திருக்கும். ஒரு பக்கம் 92, மறுபக்கம் 90 என்றால் கூட்டுத்தொகை 182. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் மேலே இடைவெளி தெரிவது அதனால்தான்.

கூரைக்குக் கீழே உள்ள அறையில், 'லொஃப்ட்' என்பார்கள், இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் தலைக்கு மேலேயே இருக்கிறது. நிலமும் மேல்தட்டும் சமாந்தரம். சரிந்த கூரை குறுக்கோடி. கூரையை நிலம் வரை நீட்டினால் அது நிலத்தோடு 40 பாகை அமைக்கும் என்றால், அறைக்குள்ளே கூரையும் மேல்தட்டும் சந்திக்கும் கோணம் எவ்வளவு? விடையைக் கடைசியில் தருகிறேன்.

இனி வெயிலுக்கு வருவோம். சூரியன் 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருந்து வருவதால் உங்கள் வீட்டின் மேல் விழும் கதிர்கள் எல்லாவற்றையும் சமாந்தரக் கோடுகளாக எடுக்கலாம். யன்னலின் மேல் விளிம்பைத் தொட்டு வரும் கதிரும் கீழ் விளிம்பைத் தொட்டு வரும் கதிரும் நிலத்தில் ஒரே கோணத்தில்தான் விழும். காரணம்? ஒத்த கோணங்கள். (யன்னல் கண்ணாடி கதிரைக் கொஞ்சம் முறிக்கும். ஆனால் கண்ணாடியின் இரண்டு முகங்களும் சமாந்தரம் என்பதால் கதிர் வெளியே வரும்போது பழைய திசைக்கே சமாந்தரமாக வந்துவிடும். விஞ்ஞான பாடத்திலும் இது வரும்.)

கிறித்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த எரதொஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் இந்த ஒன்றை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கோடையின் மிக நீண்ட பகல் நாளில், தெற்கே சையீன் என்ற ஊரில் நடுப்பகல் வெயில் நேர் செங்குத்தாகக் கிணற்றின் அடி வரைக்கும் விழுந்தது. அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நட்ட கம்புக்கும் கதிருக்கும் இடையில் 7.2 பாகை இருந்தது. கதிர்கள் சமாந்தரம். கம்பைப் பூமியின் மையம் வரை நீட்டினால் அது குறுக்கோடி. ஆகவே மையத்தில் உண்டாகும் கோணமும் 7.2 பாகை, ஒன்றுவிட்ட கோணம். 360ஐ 7.2ஆல் பிரித்தால் 50. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தின் 50 மடங்கு பூமியின் சுற்றளவு. கம்பும் நிழலும் கோணமும் மட்டும்தான் அவரிடம் இருந்த கருவி.

எங்களுக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. லண்டன் 51.5 பாகையில். வித்தியாசம் 41.8. அதாவது மார்ச் 20ஆம் திகதி அளவில் நடுப்பகலில் யாழ்ப்பாணத்தில் சூரியன் 80 பாகை உயரத்தில் நிற்கும், லண்டனில் 38½ பாகையில்தான் நிற்கும். ஊரில் வெயில் கூரைக்கு அடிக்கிறது. இங்கே சுவருக்கு அடிக்கிறது. ஊரில் தாழ்வாரம் இறக்கி, ஓலை வேய்ந்து கூரையைக் கவனித்துப் பழகியவர்கள் நாங்கள். இங்கே வந்து யன்னலையும் சுவரையும் கவனிக்கப் பழக வேண்டும்.

லண்டனில் ஜூன் 21ஆம் திகதி சூரியன் உச்சிக்கு வரும்போது, கோடைகால மணிக்கூட்டில் மத்தியானம் 1 மணி அளவில், அதன் உயரம் 62 பாகை. நிலத்தோடு 62 என்றால், நிலத்துக்குச் செங்குத்தான தெற்குச் சுவரோடு 28 பாகை. கதிர் சுவரை உரசிக்கொண்டுதான் போகிறது. அதே நாள் பின்னேரம் 6 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ நேர் மேற்கில், 27 பாகை உயரத்தில் நிற்கும். இப்போது மேற்குச் சுவரோடு 63 பாகை. கிட்டத்தட்ட நேரே குத்துகிறது. ஒரே அளவு சுவர்த்துண்டில், கோணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், மத்தியானம் தெற்குச் சுவர் வாங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெயிலைப் பின்னேரம் மேற்குச் சுவர் வாங்குகிறது. தாழ்ந்த சூரியனின் கதிர் கூடுதலான காற்றைக் கடந்து வருவதால் வெயிலின் பலம் ஓரளவு குறையும், என்றாலும் வித்தியாசம் பெரிது.

யன்னலையும் கணக்கில் எடுங்கோ. யன்னலின் மேல் விளிம்பு நிலத்தில் இருந்து 2 மீற்றர் உயரம் என்றால், ஜூன் மாத மத்தியான வெயில் தெற்கு யன்னலால் அறைக்குள் 1 மீற்றர் அளவுதான் வரும். பின்னேரம் 6 மணி வெயில் மேற்கு யன்னலால் ஏறத்தாழ 4 மீற்றர் உள்ளே வரும். கட்டிலும் மெத்தையும் குழந்தையின் தொட்டிலும் அதற்குள் அகப்பட்டு விடும். செங்கல் மெல்லச் சூடேறி மெல்லத்தான் ஆறும். பகல் முழுதும் வாங்கிய சூட்டை இரவு 11 மணிக்கும் விட்டுக்கொண்டே இருக்கும். "பின்னேரம்தான் கொதிக்குது" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் யன்னல் எந்தத் திசை என்று முதலில் கண்டுபிடியுங்கோ. கைத்தொலைபேசியில் திசைகாட்டி இருக்கும். மேற்கு யன்னல் என்றால் வெயில் வந்த பிறகு திரைச்சீலையை இழுப்பதில் பெரிய பலன் இல்லை. மத்தியானம் 1 மணிக்கே மூடி விடுங்கோ. கிழக்கு யன்னல் என்றால் இரவு படுக்கும் முன்பே மூட வேண்டும், ஏனென்றால் ஜூனில் லண்டனில் விடிவது காலை 4.45 மணிக்கு. வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள சீலை நல்லது. கடும் நிறச் சீலை தானே சூடாகி அறையையும் சூடாக்கும். வெளியே உள்ளேயை விடச் சூடாக இருக்கும் நேரத்தில் யன்னலைத் திறந்து வைப்பது சூட்டைக் கூப்பிட்டு இருத்துவது போல. அப்போது மூடி வைத்து, இரவு வெளியே குளிர்ந்த பிறகு எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கோ. விடுதிகளில் யன்னல் கொஞ்சம்தான் திறக்கும்படி பூட்டு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் விழாமல் இருக்கத்தான் அது. கழற்ற வேண்டாம். மின்விசிறி நல்லதுதான், ஆனால் அறை 35 பாகைக்கு மேல் போனால் அது சூட்டுக் காற்றைத்தான் மேலே வீசும்.

இந்த நாட்டில் அப்படிச் சூடு வராது என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலை 19ஆம் திகதி லிங்கன்ஷயரில் கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. இங்கே 40ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வீடுகள் பெரும்பாலும் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. கைக்குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 பாகைதான் இங்கே சொல்லும் அளவு. லொஃப்ட் அறையில் கோடையில் அந்த அளவைப் பிடிப்பது கஷ்டம். மெல்லிய உடுப்போடு, போர்வை இல்லாமல், வீட்டில் மிகக் குளிர்ச்சியான அறையில் படுக்க வையுங்கோ. குழந்தை சோர்ந்து போனாலோ பால் குடிக்க மறுத்தாலோ வைத்திய ஆலோசனைக்கு 111ஐ அழையுங்கோ. பேச்சு மூச்சுக் குறைந்தால் உடனே 999.

குளிர்காலத்தில் கணக்குத் திரும்புகிறது. டிசம்பர் 21இல் லண்டன் மத்தியானச் சூரியன் 15 பாகைதான். தெற்கு யன்னலால் வெயில் 7 மீற்றருக்கு மேல் உள்ளே வரும், ஆகவே சீலையை அகலத் திறந்து வையுங்கோ, காசில்லாத சூடு. வடக்குச் சுவருக்கோ செப்ரெம்பர் கடைசியில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை நேர் வெயிலே விழாது. அந்தச் சுவர் குளிர்ந்து கிடக்கும். சமைக்கிற ஆவியும் உடுப்புக் காய்கிற ஈரமும் அதில் தண்ணீராகப் படியும், பிறகு மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியையும் கட்டிலையும் அந்தச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கோ. சட்டியை மூடிச் சமையுங்கோ. இவ்வளவு செய்தும் பூஞ்சணம் திரும்ப வந்தால் பிழை சுவரில் இருக்கலாம், உங்களில் இல்லை. அறிவியுங்கோ.

அறிவிக்கும் விதம் முக்கியம். ஹோம் ஒபிஸ் தந்த தங்குமிடம் என்றால் மைகிரன்ட் ஹெல்ப் இலவச இலக்கத்துக்கு அழைத்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு முறையிடலாம். "அறை சரியான சூடு" என்று மட்டும் சொன்னால் அது அவர்கள் காதில் விழுந்து போய்விடும். "மேற்கு யன்னல், திரைச்சீலை இல்லை, பின்னேரம் 7 மணிக்கு அறைக்குள் 33 பாகை, மூன்று நாள் எழுதி வைத்திருக்கிறேன், ஆறு மாதக் குழந்தை இருக்கிறது" என்று சொன்னால் அதை எழுதத்தான் வேண்டும். மலிவான வெப்பமானி ஒன்று வாங்கிக் காலை, மத்தியானம், இரவு மூன்று நேரமும் திகதியோடு குறியுங்கோ. படம் எடுங்கோ. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கோ. நோயாளர், கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் வைத்தியரிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ ஒரு கடிதம் கேளுங்கோ.

"முறையிட்டால் கேசுக்குப் பாதிப்பு வருமோ" என்று பயந்து வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் பலர். தங்குமிடத்தைப் பற்றி முறையிடுவதற்கும் உங்கள் தஞ்சக் கோரிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. கோரிக்கையைத் தீர்மானிப்பவர்கள் உங்கள் யன்னல் சீலையைப் பற்றி யோசிப்பதில்லை. தனியாக அழைக்கத் தயக்கமாக இருந்தால் குறிப்பெடுத்த தாளோடு நிலையத்துக்கு வாருங்கோ, இருந்து சேர்ந்து அழைப்போம்.

பயிற்சி (பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்)

1. சமாந்தரக் கோடுகள் இரண்டைக் குறுக்கோடி ஒன்று வெட்டுகிறது. உட்கோணம் ஒன்று 48 பாகை. அதன் ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம், நேயக் கோணம் என்ன?

2. நேயக் கோணங்கள் இரண்டில் ஒன்று தெரியாத எண்ணின் மூன்று மடங்கோடு 10 கூட்டியது. மற்றது அதே எண்ணின் இரண்டு மடங்கோடு 20 கூட்டியது. எண் என்ன? கோணங்கள் எவை?

3. மேலே கேட்ட லொஃப்ட் அறைக் கோணம்.

4. உங்கள் அறையில் வெயில் விழும் நேரம் ஒன்றில், யன்னலின் மேல் விளிம்பின் உயரத்தையும், சுவரில் இருந்து வெயில் எட்டிய தூரத்தையும் அளந்து, 1 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் என்ற அளவில் கொப்பியில் கீறிக் கோணத்தை அளவுங்கோ. யன்னலுக்கு நேர் எதிரே சூரியன் நிற்கும் நேரம் பாருங்கோ, இல்லாவிட்டால் கோணம் பிழைக்கும்.

விடைகள்

1. 48, 48, 132. காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கோ.

2. ஐந்து மடங்கோடு 30 கூட்டினால் 180. ஆகவே எண் 30. கோணங்கள் 100, 80.

3. 140 பாகை. நிலமும் மேல்தட்டும் சமாந்தரம், நேயக் கோணங்களின் கூட்டுத்தொகை 180.

4. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விடை. கீறிய தாளைக் கொண்டு வாருங்கோ, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.